ஆந்தைகள் வாய் திறக்காது

டொக், டொக்.

மேசையில் இரண்டு தட்டு விழுந்தது. 'கூடாது' என்று அர்த்தம். தட்டியவர் சங்கத்துக்குத்தான் தலைமை ஆந்தை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவர் பெண் கொடுத்த மாமனார்.

"மாமா, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே!"

டொக், டொக்.

ஆந்தைச் சகோதரர்கள் சங்கத்தின் விதி அப்படி. கூட்டம் தொடங்கிவிட்டால் எல்லோருக்கும் கறுப்பு முக்காடு, கணுக்கால் வரை அங்கி, கையுறை. யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு தட்டு சம்மதம், இரண்டு தட்டு மறுப்பு. தீர்மானம் கொண்டுவருகிறவர் மட்டும் முக்காட்டை எடுத்துவிட்டுப் பேசலாம். எந்தக் காலத்திலோ யாரோ எதற்கோ பயந்து போட்ட விதி. பயம் செத்துப்போய்விட்டது, விதி கல்லுக்குண்டாக இருக்கிறது.

ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் இன்று பேசியே ஆகவேண்டும். காலையில் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு என்னையும் சங்கத்துல சேர்க்கணும், இல்ல நீங்க வெளிய வரணும். ஞாயித்துக்கிழமை நான் சுவத்தைப் பார்த்துட்டு உக்காரணும், நீங்க போய் ஆந்தையா உக்காருவீங்களா?"

சேர்க்கவைக்கிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார். தோற்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஒருபுறம். தீர்மானம் தோற்றவர் அன்றைக்கே எல்லோருடைய அங்கியையும் வாங்கிப்போய்த் துவைக்க வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி தனியாக இருந்தது. யாரும் தீர்மானமே கொண்டுவராததால் அந்த விதியை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"சகோதரர்களே, காலம் மாறிடுச்சு. முதல்ல நம்ம சின்னத்தை மாத்துவோம்." சுருட்டி வைத்திருந்த படத்தை விரித்தார். ஆந்தை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது. "பார்க்கப் படிச்ச ஆந்தை மாதிரி இருக்குல்ல?"

டொக், டொக்.

"ஃபிரேம்கூட நம்ம கடையிலேயே..."

டொக், டொக்! பின்வரிசையில் ஒரு முக்காடு குலுங்கிக் குலுங்கி நின்றது. இருமல் போலிருக்கிறது.

"சரி, ஆந்தை கிடக்கட்டும். இந்த முக்காட்டையாவது தூக்கிப் போடுவோமே! பக்கத்துல உக்கார்ந்திருக்கிறது பேக்கரிக்காரரா பல் டாக்டரான்னே தெரியல. போன வாரம் நான் யாரையோ தட்டிக்கொடுத்தேன், அவர் ஒரு முழம் தள்ளி உக்கார்ந்துட்டாரு."

டொக், டொக்!

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முன்பெல்லாம் பாதி நாற்காலி காலி, மீதி நாற்காலியில் குறட்டை. இந்த ஒரு வருடமாக நாற்காலிகள் நிரம்பி வழிகின்றன, யாரும் தாமதமாக வருவதில்லை, ஒரு குறட்டை கிடையாது. மரபுக்கு இப்படி மவுசு ஏறிக்கிடக்கும்போது மாற்றம் யாருக்கு வேண்டும்?

கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "பெண்களையும் சேர்த்துக்கலாம்."

முக்காடுகள் சட்டென்று நிமிர்ந்தன. அப்புறம் அறை முழுக்க ஒரே நேரத்தில் இரண்டு தட்டு. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவர் தலையிலும் கையில் கழற்றி வைத்திருந்த முக்காட்டிலும் விழுந்தது.

தலைமை ஆந்தை எழுந்தார். காலையில் சோபாவை விட்டு எழ மருமகன் தோளைப் பிடித்துத் தொங்கியவர், இப்போது மேடைப் படிகளில் துள்ளி இறங்கினார். ஜெயித்துவிட்டால் முழங்கால் வலிகூடப் பறந்துவிடும்போல.

கண்ணாடிக் கடைக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு கையையும் நீட்டினார்.

"சரி, தோத்துட்டேன். விதிப்படி அங்கியைக் கழட்டிக் கொடுங்க மாமா, துவைச்சுட்டு வர்றேன். எல்லாரும் கொடுங்க!"

முக்காடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"மரபு மரபுன்னு மேசையை உடைச்சீங்களே! இதுவும் மரபுதான். கழட்டுங்க!"

தலைமை ஆந்தை பெருமூச்சு விட்டு முக்காட்டைத் தூக்கினார்.

மாமியார்!

"அத்தை!" என்று அலறித் திரும்பினால், அடுத்த முக்காட்டுக்குள் பேக்கரிக்காரரின் மனைவி. அதற்கடுத்து பல் டாக்டரின் மனைவி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. பின்வரிசை மொத்தமும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தது. ஊருக்கே பார்வை பரிசோதிக்கிறவர் வாயைப் பிளந்து நின்றார்.

"மாமா எங்க?"

"வீட்டுல மேட்ச் பார்த்துட்டே தூங்குறாரு. முழங்கால் வலிக்குது, நீ போய் எனக்குப் பதிலா ரெண்டு தட்டு தட்டிட்டு வான்னு அனுப்பினாரு. இவங்க வீட்டுலயும் இதே கூத்துதான். ஒவ்வொரு மனுஷனும் தான் ஒருத்தன்தான் டிமிக்கி கொடுக்கிறதா நினைச்சுட்டிருக்கான்."

"அப்போ சகோதரர்னு ஒருத்தர்கூட இல்லையா?"

"நீங்க ஒருத்தர் இருக்கீங்களே! நீங்க எப்ப கிளம்புவீங்க, நாங்க எப்ப வாயைத் திறப்போம்னு வாராவாரம் தவமில்ல கிடக்கிறோம்."

"பெண்களைச் சேர்க்கணும்னுதானே நானும் தொண்டை கிழியக் கத்தினேன்? அதுக்கு ஏன் ரெண்டு தட்டு?"

"நல்லா கேட்டீங்க போங்க!" என்றார் பேக்கரிக்காரரின் மனைவி. "எங்களைச் சேர்த்தா முக்காடு போயிடும். முக்காடு போனா ஆள்மாறாட்டம் நடக்காது, ஆம்பளைங்க திரும்பி வந்துடுவாங்க."

டொக்! அறை முழுக்க, ஒரே தட்டு.

"உங்க மகள் தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன் அத்தை. வீட்டுக்குப் போய் அவகிட்ட நான் என்ன சொல்றது?"

மாமியார் அவர் கையிலிருந்த முக்காட்டை மெல்ல உருவி, சுண்ணாம்பைத் தட்டி, அழகாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு முழங்கால் வலி, மாப்பிள்ளை."