பாதியில் நின்ற மாமியார்

“அடப் பாவி! இன்னிக்கும் என் குடும்பத்தைப் பாதியில விட்டுட்டியேடா! மாமனார் கரையேறிட்டாரு. மாமியாருக்குத் தலை மட்டும்தான் தெரியுது, உடம்பு இன்னும் வந்து சேரல!”

சந்திரமோகன் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அப்படியும் அந்தக் குரல் கன்ட்ரோல் ரூம் முழுக்கக் கேட்டது. அதைப் பிடித்து ஒயரில் ஏற்றியிருந்தால் ஊர்க்கோடியிலுள்ள புரோத்ராபூர் வரைக்கும் பல்பு எரிந்திருக்கும்.

படகும் கவிழவில்லை, அலையும் வரவில்லை. டெய்ரி ஃபார்ம் குடியிருப்புப் பகுதிக்குக் கரண்ட் போயிருந்தது, அவ்வளவுதான்.

டீசல் செட் ஒன்று படுத்து ஒரு மாமாங்கம் ஆகிறது. அதற்கான உதிரி பாகம் மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்துகொண்டே இருக்கிறது. அது வந்து இறங்கும் வரை ஏழு மணிக்கு ஒரு தரம், ஒன்பதுக்கு ஒரு தரம், ஏதாவது ஒரு லைனை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துகிற கை சந்திரமோகனுடையது.

அந்தக் கையை அவர் வெளியே காட்டிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு முன்பு குடியிருந்த இடத்தில் விஷயம் தெரிந்துபோய், ஃபேன் நின்றால் போதும், கைக்குழந்தை முதல் பல்போன தாத்தா வரை விசிறியும் கையுமாக இவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் வெளியிலும் யார் கேட்டாலும் “ஆபீஸ்ல ஃபைல் பார்க்கிறேன்” என்பார். போன் வந்தால் கைக்குட்டையை வாயில் சுற்றிக்கொண்டு இந்தியில் மட்டும் பேசுவார்.

“போலியே மேடம்,” என்று கைக்குட்டைக்குள்ளிருந்து சொல்லச் சொன்னார்.

அந்த அம்மாளும் முதல் நாள் இந்தியில்தான் ஆரம்பித்தாள். திட்டுவதற்கு அது பத்தாமல் தமிழுக்கு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை.

“என்னத்த போலியே? ஆல்பத்தையெல்லாம் கார் நிக்கோபார்ல அந்தச் சுனாமி அலை கொண்டுபோச்சு. அப்புறம் ஒவ்வொரு சொந்தக்காரங்களா கெஞ்சிக் கூத்தாடி, அவங்ககிட்ட இருந்த போட்டோவை வாங்கி இந்தக் கம்ப்யூட்டர்ல சேர்த்தது. வேற எங்கயும் கிடையாது! பொட்டி இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. அது கண்ணை மூடறதுக்குள்ள பென் டிரைவ்ல ஏத்திடுங்கன்னு ரிப்பேர்காரர் சொல்லிட்டுப் போயிட்டாரு. பச்சைக் கோடு முக்கால்வாசி வரும், நீ கட் பண்ணிடுவே. மறுபடி மொதல்லேருந்து!”

“ஊபர் கா ஆர்டர் ஹை, மேடம்.”

“மேலேயிருந்து ஆர்டரா? மேல எங்க மாமியார்தான் இருக்காங்க. அவங்க இப்படியெல்லாம் ஆர்டர் போட மாட்டாங்க!”

சந்திரமோகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த உதுமான் ஆபீஸுக்குப் புதுசு. அவனுக்கே மனசு கேட்கவில்லை. ரிசீவரைப் பொத்தச் சொல்லிவிட்டுக் கிசுகிசுத்தான்.

“அண்ணே, பாவம்ணே. எந்த லைன்னு ஆர்டர்ல போடலையே. இன்னிக்கு ஒருநாள் டெய்ரி ஃபார்மை விட்டுட்டு வேற ஏதாச்சும் கட் பண்ணுவோமே.”

“வேணாம் தம்பி. பேச்சு வரும்.”

“யாரு பேசுவா?”

சந்திரமோகன் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஈவு இரக்கமே இல்லண்ணே உங்களுக்கு,” என்றான் உதுமான்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஊரிலுள்ள அத்தனை ஃபேனையும் கையாலேயே சுற்றிவிட்டவர் போல ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் எந்த போனிலும் செய்யாத ஒன்றைச் செய்தார். யோசனை சொன்னார்.

“மேடம், ஏக் சாத் மத் கீஜியே. தோடா தோடா கர்கே காப்பி கீஜியே.”

மொத்தமாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பி பண்ணச் சொன்னதும், மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மிச்சமிருந்த டீசல் செட்டும் நின்றுபோய்விட்டதோ என்று உதுமான் ஜன்னலை எட்டிப் பார்த்தான்.

“எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?” என்று கேட்டுவிட்டு, டொக்கென்று வைத்துவிட்டாள்.

ஒன்பதுக்கு மறுபடி சுவிட்சை இறக்கினார். போன் அடிக்கவில்லை.

“என்னண்ணே, சத்தத்தையே காணோம்?” உதுமான் போனையே பார்த்தான். “அந்தப் பொட்டி மண்டையைப் போட்டிருச்சோ?”

சந்திரமோகனின் டீ ஆறி ஆடை கட்டியது. கடைசி வரை அதை அவர் தொடவே இல்லை.

ஷிப்ட் முடிந்து வீட்டுப் படியேறும்போது, வந்த கப்பலின் சரக்கு முழுவதையும் ஒற்றை ஆளாக முதுகில் இறக்கியவர் மாதிரி ஏறினார். மனைவி அலமு கதவைத் திறந்தாள். ரசம் சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்தாள்.

“ஏங்க, இன்னிக்கு ஃபைல் ஜாஸ்தியா? கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு.”

“ம்… உன் தொண்டைக்கு என்ன? இப்படிக் கட்டியிருக்கு?”

அலமு முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளேயிருந்த பென் டிரைவை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தோடா தோடா கர்கே ஏத்திட்டேன், சாப். உங்க அம்மா முழுசா வந்துட்டாங்க.”