மூன்றாவது பொத்தான்

கலியாணமாகி முப்பத்தைந்து வருஷம் என்று மகள் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டோடு, தவமலரும் கணவர் சிவபாதமும் பழைய மொன்றியல் நகரைச் சுற்றிப் பார்த்தார்கள். தேவாலயம், துறைமுகம் எல்லாம் முடிந்து, வைன் ருசிபார்க்க ஒரு கல் நிலவறைக்குள் இறங்கினார்கள்.

பரிமாறுகிற பெண் சிவபாதத்துக்கு வைன் ஊற்றினாள். தவமலருக்குக் கேளாமலே தண்ணீர் வைத்தாள்.

"நான் குடியாதது இவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"முகத்தில எழுதி ஒட்டியிருக்கு."

"பகிடியை விடுங்கோ. முந்தி இஞ்ச வந்தனீங்களோ?"

"உம்மை விட்டிட்டு நான் எங்க போனனான்?"

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பழுப்புச் சுவெட்டரோடு வந்தாள். "மிஸ்யூ, போன கிழமை உங்களோடு வந்த மேடம் இதை மறந்துவிட்டுப் போனா" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"ஆர் அவ?" தவமலர் மெதுவாகத்தான் கேட்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதப்பா."

தவமலர் அதை வாங்கி விரித்தாள். மூன்றாவது பொத்தான் மட்டும் நீலம். சிவப்பு நூலால் தைத்திருந்தது. குனிந்து தான் போட்டிருந்த சுவெட்டரைப் பார்த்தாள். அதே பழுப்பு. அவளே சிவப்பு நூலால் தைத்த அதே நீலப் பொத்தான்.

காலையில் கோயிலில் சிவபாதம் மடித்துக் கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தைத் தன் பொக்கற்றில் தேடினாள். இல்லை. கையிலிருந்த சுவெட்டரின் பொக்கற்றில் இருந்தது.

சிவபாதம் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார்.

"நீர் ஆர்?" என்று கேட்டார்.