வேதக்கோயில் மணிக்கு வந்த மவுசு

வேதக்கோயில் கோபுரத்து மணிக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை. எவ்வளவு கணீரென்று அடித்தாலும் ஞாயிறு ஆராதனைக்குப் பாதி பெஞ்சுகூட நிரம்புவதில்லை. இளவட்டங்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

தேர்தல் வந்தது. நம்ம ஆள் ஜெயித்தால்தான் விசுவாசம் நிலைக்கும் என்று சபைப் பெரியவர்கள் ஒருவரை நிறுத்தினார்கள். மணியோசையைப் பதிவு செய்து பிரசார வேனில் போட்டார்கள். தெருவுக்குத் தெரு முதலில் மணி முழங்கும், பிறகு ஓட்டுக் கேட்பார்கள்.

சாயங்காலம் வேன் திரும்பியதும் ஒலிபெருக்கி சொன்னது: "அண்ணாச்சி, இன்னைக்கு ஊரு பூரா ஒங்க சத்தம்தான்!"

மணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பின்னே? கோயிலுக்கு வராதவன் காதுக்குள்ளயும் போயிட்டேன்லா!" என்று கோபுரத்துப் புறாவிடம் பீற்றிக்கொண்டது.

ஒரு நாள் காலை, மணியடிக்கும் அருமைநாயகத்தின் மனைவி இறந்துபோனார். விட்டுவிட்டு அடிக்கும் துக்கமணி கேட்டால், எந்த மதத்துக்காரரும் கைவேலையைப் போட்டுவிட்டு, "யார் வீட்ல?" என்று வாசலுக்கு வருவது அந்த ஊர் வழக்கம். அருமைநாயகம் தானே கயிற்றைப் பிடித்தார். மணியும் தன் முழுக்குரலையும் கொடுத்தது.

"சனம் திரண்டு வருதா, பாத்துச் சொல்லு," என்றது பெருமையாக.

புறா எட்டிப் பார்த்தது. "இல்ல அண்ணாச்சி. 'ஓட்டுக்காரனுவ மறுபடியும் வந்துட்டானுவ'ன்னு ஜன்னலைச் சாத்துதாவ."

மணிக்கு அந்தக் கணமே ஊமையாகிவிடலாம் போலிருந்தது. கீழே அருமைநாயகம், சத்தம் எட்டவில்லையோ என்று, கயிற்றை இன்னும் பலமாக இழுத்தார்.