கண்டக்டர் சீட்

ஒரு பெண் முழுதாக ஏறுவதற்குள் விசில் கொடுத்துவிட்டாள் கண்டக்டர் செண்பகவல்லி. அந்தப் பெண் படியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து செண்பகவல்லியால் விசில் ஊத முடியவில்லை. வாயருகே கொண்டுபோய், ஊதாமலே இறக்கிவிடுவாள். டிரைவர் மாசானம் கண்ணாடியைப் பார்த்துத் தானே வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் போய்ப் பார்த்த மனநல ஆலோசகர் ஹெலன், “உங்க பயம்” என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வண்டியில் ஏறிவிட்ட யாரோ ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டார்.

“அது எங்க உக்காருது?”

“என் சீட்லதான் மேடம்.”

“அப்ப நீங்க?”

“நின்னுக்கிட்டே வாரேன்.” சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“இறக்கி விட்டுரலாமா?”

“வேண்டாம் மேடம். படியப் பாருன்னு சொல்லுறது அதுதான். வரட்டும். ஆனா அது என் சீட்டு.”

மறுநாள், பஸ்ஸின் முதல் நடை. காலியாக இருந்த தன் சீட்டின் முன் நின்று, “எந்திரி” என்றாள். பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். “பின்னால போ. கடைசி சீட்டு.” ஓர் ஆள் நடந்துபோகும் நேரம் காத்திருந்தாள். பிறகு தன் காசிலேயே ஒரு டிக்கெட் கிழித்து, கடைசி சீட்டின் கம்பி இடுக்கில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஏறினார். அவருடைய இரண்டாவது காலும் உள்ளே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மாசானத்தின் கை வழக்கம்போல் கியருக்குப் போனது.

“விசில் வரட்டும்ணே.”