ஈர மீசை

பால் சட்டி காலியாகக் கிடந்தது. வாசலைக் காக்கும் செவலை நாய், குட்டிகளை உள்ளே விட்டுத் திண்ணை வரை வந்து திரும்பிய தாய்ப்பூனையை உள்ளே விடாமல் மறித்தது.

"உன் மீசை ஈரமா இருக்கு. ஈரமா இருந்தா பால் குடிச்சிருக்கணும். குடிச்சிருந்தா நீ திருடி. திருடிக்கு இந்த வீட்ல இடமில்ல. குட்டிங்களத் தூக்கிட்டுக் கிளம்புடி!"

பூனைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் திறக்காத குட்டிகளோடு கொட்டும் மழையில் எங்கே போவது?

"குட்டிங்கள நக்கிக் குளிப்பாட்டுன ஈரம்ண்ணே இது!"

"அதெல்லாம் தெரியாது. ஒண்ணுலேர்ந்து ஒண்ணு சரியாத்தானே வருது?"

"உங்க மூக்கும்தான் ஈரமா இருக்கு. எங்கே, மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லுங்க பாப்போம்."

"ஈரமா இருந்தா பால்..." என்று ஆரம்பித்த நாய் சட்டென்று நிறுத்தியது. "ஏய், இதெல்லாம் பூனைக்கு மட்டுந்தான்!"

"அப்போ பூனைன்னா திருடின்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாமே! இத்தனை சுத்து எதுக்கு?" என்று சீறிவிட்டு, நாயின் கால்களுக்கிடையே புகுந்து குட்டிகளிடம் போனது பூனை.