கடற்கரைக்கு ஒரு பை

கட்டில் மேலிருந்த பையில் அம்மா வைத்த பட்டுப் புடவையை மகள் வெளியே எடுத்துப் போட்டாள்.

“கடற்கரையில கூடாரம் போட்டுத் தங்குறதுக்குப் பட்டு எதுக்கும்மா? நனைஞ்சா சீக்கிரம் காயுற துணி ரெண்டு செட் போதும்.”

“கல்யாணமாகி முதல் தடவை வெளியே போறப்ப நல்லதா ஒண்ணு வேண்டாமாடி?”

“நண்டுங்க பார்த்து அசந்து போறதுக்கா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் டார்ச்சையும் தீப்பெட்டியையும் ஈரம் புகாத உறையில் போட்டுக் கட்டினாள்.

“மணல்ல கூடாரத்துக்குச் சின்ன முளை அடிச்சா நிக்காது. நீளமா வேணும்.”

“அதெல்லாம் அவருக்குத் தெரியாதாக்கும்!”

“அவரை ஒரு வார்த்தை சொன்னா உனக்குப் பொறுக்காதே!”

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயங்கி நின்றாள்.

“உன்னைத் தனியா விட்டுட்டு...”

“அப்பா போனதுக்கப்புறம் பன்னிரண்டு வருஷம் எனக்காகவே இருந்துட்ட. ரெண்டு நாள் உனக்காக இரும்மா.”

காரிலிருந்து அம்மாவின் புதுக் கணவர் கூச்சத்தோடு இறங்கினார். மகள் அவரிடம் விரலை ஆட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள எங்கம்மா வீட்டுல இருக்கணும். புரியுதா, அப்பா?”

அம்மாவின் பையை வாங்கப் போனவர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். நேற்றுவரை அவள் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.