ஆளுக்கு நாற்பது வினாடி

பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக் கால்வாயில் பட்ட காலை வெயில் ரொட்டிக்கடையின் உட்கூரையில் நெளிகிறது. மின்கட்டணம் இரட்டிப்பானதிலிருந்து யோரிஸ் கடையைச் சீர்திருத்திக்கொண்டிருக்கிறான். நாற்காலிகளை எடுத்துவிட்டான். ஓர் ஆளுக்கு நாற்பது வினாடிதான், அப்போதுதான் விற்பனை கூடும் என்று கல்லாவில் நிற்கும் மனைவி கிரீத்துக்குச் சொல்லி, கல்லாவுக்கு எதிரே கடிகாரமும் மாட்டிவிட்டான். இப்போது வரிசையின் முன்னால் நிற்பவர் ஒடிலோன், மனைவியைப் புதைத்து மூன்று வாரமான கிழவர். தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறார். “ஒரே ஒரு பன்னு குடும்மா. நேத்து அவ துணியெல்லாம் மடிச்சு வெச்சேன், அதுல பாரு...” பன் காகிதப் பைக்குள் விழுகிறது. அடுப்பறை வாசலில் யோரிஸ் தொண்டையைச் செருமுகிறான். “அடுத்த ஆளு வாங்க,” என்கிறாள் கிரீத், கிழவரின் முகத்தைப் பார்க்காமல். பின்னால் நிற்பவளின் கூடை அவர் இடுப்பில் இடிக்கிறது. ஒடிலோன் கதவுவரை போகிறார். திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொள்கிறார். மறுபடி அவர் முறை வருகிறது. “இன்னொரு பன்னு. அந்தத் துணியில அவ வாசம் இன்னும்...” “அடுத்த ஆளு.” மூன்றாவது முறையும் அவர் கடைசியில் போய் நிற்கிறார், கையில் இரண்டு பைகளுடன். யோரிஸ் மாவுக் கையை மேலங்கியில் துடைத்தபடி வந்து மனைவியின் காதோரம் குனிகிறான். “பாத்தியா? ஒரு பன்னுக்கு மேல வாங்காத கெழவன். நான் சொன்னப்ப நீ நம்பலையே!”